பூஜாங் பள்ளத்தாக்குக்குச் சைக்கிளில் போகிறவர்கள் மலையைச் சுற்றி வர வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கெடாவில் பழங்காலக் கடாரத்தின் எச்சங்கள் கிடக்கும் பூஜாங் பள்ளத்தாக்கைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்கலாம் என்று தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தோம். கடாரத்தைப் பாடப் புத்தகத்தோடு விட்டுவிடாமல் நம் பிள்ளைகள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்கும் உண்டு. ஆனால் கட்டுரையில் சொன்ன வழியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பீடோங்கில் புறப்பட்டு செமிலிங், மெர்போக், யான், குவார் செம்பெடாக், குரூண் என்று ஜெராய் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் பீடோங் திரும்பச் சொல்கிறது அது. இந்த வட்டாரச் சாலைகளில் வாரந்தோறும் ஓட்டுகிறவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: புதியவர்கள் அப்படிச் சுற்ற வேண்டாம். யான் வரை போய், போன வழியிலேயே திரும்புங்கள். இரண்டுமே 60 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும், தூரத்தில் நட்டமில்லை. கிடைக்கும் நன்மைதான் பெரிது.

முதலில் குரூணிலிருந்து பீடோங் வரும் பகுதியை எடுத்துக்கொள்வோம். மலையைச் சுற்றி வருகிறவர் அங்கே வந்து சேரும்போது காலை பத்து, பதினொன்று ஆகியிருக்கும். கால் தளர்ந்திருக்கும், தண்ணீர் தீர்ந்திருக்கும், வெயில் தலைக்கு மேல். அந்த நேரத்தில்தான் டோல் கொடுக்க விரும்பாத லோரிகளும் கல் லோரிகளும் சந்தைக்குப் போகும் கார்களும் கூட்டரசுச் சாலையில் நெரிந்து ஓடுகின்றன. சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே சில இடங்களில் ஒரு மீட்டர் தார் இருக்கிறது, சில இடங்களில் ஒரு சாண் கூட இல்லை. ஓரம் திடீரென்று முடிகிற இடத்தில் சைக்கிள் வலப்பக்கம் ஒதுங்கும், பின்னால் வருகிற லோரிக்கு அது தெரியாது. பழகியவர்கள் அந்த இடங்களை முன்கூட்டியே அறிந்து, ஐம்பது மீட்டருக்கு முன்பே பின்னால் பார்த்துக் கைகாட்டி மெல்ல உள்ளே வருவார்கள். முதல்முறை வருகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

போன வழியிலேயே திரும்புவதற்கு மூன்று காரணங்கள் சொல்வோம். ஒன்று, மலை நிழல். ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். கடலோரச் சமவெளியிலிருந்து ஒரே எழுச்சியாக எழுவதால்தான் வங்கக் கடலைக் கடந்து வந்த பழங்காலக் கப்பல்களுக்கு அது அடையாளமாக நின்றது. அந்த மலை கிழக்கே இருக்க, அதன் மேற்கு அடிவாரத்தில் சிங்கிர் தாண்டி யான் நோக்கிப் போகிறது நம் சாலை. சூரியன் எழுந்து ஏறத்தாழ முக்கால் மணி நேரத்துக்கு அங்கே வெயில் விழாது. இடப்பக்கம் கடலும் வயலும் விடிந்து கிடக்கும், சாலை மட்டும் நிழலில் இருக்கும். இந்த நிழலைப் பிடிக்க வேண்டுமானால் பீடோங்கிலிருந்து காலை 6.30க்குக் கிளம்ப வேண்டும். அப்போது இன்னும் இருட்டு. முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் 7.15 வாக்கில் மெர்போக், எட்டு மணியை ஒட்டி யான்.

இரண்டாவது காரணம் அருங்காட்சியகம். மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்தைக் காலை 9 மணிக்குத்தான் திறக்கிறார்கள். மலையைச் சுற்றுகிறவர் 7.15க்கு மெர்போக்கைக் கடக்கும்போது கதவு பூட்டியிருக்கும். ஒன்று, பார்க்காமலே போக வேண்டும், அல்லது இரண்டு மணி நேரம் காத்திருந்து வெயிலை வாங்கிக்கொள்ள வேண்டும். யானில் பசியாறிவிட்டுத் திரும்பினால் பத்து மணிக்குள் அருங்காட்சியக வாசலில் நிற்கலாம்.

மூன்றாவது, காற்று. முற்பகல் பத்து, பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று மேற்கிலிருந்து எழும்புகிறது. மெர்போக்கிலிருந்து பீடோங் கிழக்குத் திசை. களைத்த கால்களுக்கு முதுகில் கைகொடுத்துத் தள்ளுகிற காற்று கடைசி 15 கிலோமீட்டரில் கிடைப்பதைப் போல ஒரு வசதி வேறில்லை.

கிழமை பற்றி ஒரு வார்த்தை. பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். காலை ஏழு மணிக்குப் பள்ளி வேன்களும் தொழிற்சாலைப் பேருந்துகளும் மோட்டார்களும் எல்லாம் சாலையில் இருக்கும். சனிக்கிழமையே சிறந்தது. வெள்ளிக்கிழமையும் காலையில் அமைதியாக இருக்கும், ஆனால் மதியத் தொழுகைக்காகக் கடைகள் அடைக்கும், அருங்காட்சியகத்துக்கும் நடுவில் இடைவேளை உண்டு. பதினொன்றரைக்குள் பார்த்து முடித்துவிட வேண்டும்.

பீடோங்கிலிருந்து செமிலிங் போகிற சாலை இரு பக்கமும் தோட்டங்களாக இருந்த பகுதி. ஹார்வார்ட், சுங்கை தோக் பாவாங், சுங்கை பத்து என்று நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் மரம் சீவிய இடங்கள். 1947இல் கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் தொண்டர் படையினர் திரண்டதும் இந்த வட்டாரத்தில்தான். இன்று ரப்பர் குறைந்து செம்பனை நிற்கிறது. லயங்கள் பலவும் போய்விட்டன, கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் ஆங்காங்கே மிஞ்சியிருக்கின்றன. சைக்கிளில் போகிறவர் ஒரு கோயில் வாசலில் இறங்கித் தண்ணீர் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. ஆனால் தோட்டத்துச் செம்மண் சாலைகளுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். குறுக்கு வழி என்று வரைபடம் காட்டும், உள்ளே போனால் வேலிக் கதவு பூட்டியிருக்கும், ஜாகா (காவலாளி) திருப்பி அனுப்புவார்.

தோட்டத்துச் சாலை தார்ச்சாலையில் சேரும் முனைகள்தான் இந்த வழியில் மிக ஆபத்தானவை. செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லோரிகள் சக்கரத்தில் ஒட்டிய செம்மண்ணை வெளியே கொண்டுவந்து இருபது, முப்பது மீட்டருக்குத் தாரில் பூசிவிட்டுப் போகின்றன. மேலே இருந்து சிந்தும் உதிரிப் பழங்களை அடுத்த லோரி நசுக்குகிறது. காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. முதல் தூறல் விழுந்ததும் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து வழுக்கும். அங்கே வளைவு இருந்தால் சைக்கிளைச் சாய்க்காதீர்கள். முனைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டு, நிமிர்ந்த நிலையில் நேராகக் கடக்க வேண்டும். மண்ணின் மேல் இருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தவர் விழுவார்.

அதே லோரிகள் சிந்துகிற இன்னொன்று செம்பனை மட்டை முள். மட்டையின் அடிப்பகுதியில் இரு ஓரமும் வரிசையாக இருக்கும் இந்த முள் குட்டையாக, கெட்டியாக இருக்கும். டயரில் ஏறியதும் நுனி உள்ளேயே ஒடிந்து தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கரும்புள்ளிதான் தெரியும். புதியவர்கள் டியூபை மாற்றிவிட்டு ஓட்டத் தொடங்குவார்கள், ஐந்தே நிமிடத்தில் இரண்டாவது டியூபும் போகும். அதனால் டியூபைக் கழற்றியதும் அதற்குக் காற்றடித்து, ஓட்டை எங்கே என்று பாருங்கள். வால்விலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து, டயரில் அதே இடத்தைத் தேடுங்கள். டியூபை எடுக்கும்போது அதன் எந்தப் பக்கம் டயரின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. பிறகு டயரின் உட்புறம் முழுவதும் ஒரு பழைய துணியால் துடையுங்கள். விரலால் தடவினால் விரலில் ஏறும், துணி என்றால் முள் நுனியில் நூல் மாட்டிக்கொள்ளும். அதை வெளிப்பக்கமாகத் தள்ளிப் புருவம் எடுக்கும் சிறு இடுக்கியால் பிடுங்க வேண்டும். இடுக்கி இல்லாமல் இந்த வழியில் கிளம்பாதீர்கள். கூடவே இரண்டு டியூப், ஒட்டுப் போடும் சாமான், இரண்டு டயர் லீவர், கைப் பம்பு. சைக்கிள் கடை பீடோங்கிலும் சுங்கை பட்டாணியிலும்தான், நடுவில் மோட்டார் பட்டறைகளே உண்டு. அங்கே இருக்கும் காற்றுக் குழாய் மெல்லிய வால்வுக்குப் பொருந்தாது. வால்வு மாற்றும் சிறு பித்தளைத் திருகு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது.

பந்தயக்காரர்களைப் பார்த்து 23, 25 மில்லிமீட்டர் டயரில் வராதீர்கள். குறைந்தது 28, முடிந்தால் 32. எழுபது கிலோ எடையுள்ளவர் 28 மில்லிமீட்டர் டயருக்கு 70 முதல் 75 பவுண்டு, 32க்கு 55 முதல் 60 பவுண்டு காற்று வைத்தால் போதும். கல் போல இறுக்கினால் வேகம் கூடும் என்று நினைக்கிறார்கள். ஒட்டுப்போட்ட தார்ச்சாலையில் இறுகிய டயர் குதிக்கும், பிடிப்பு போகும், மணிக்கட்டு வலிக்கும்.

பீடோங்கிலிருந்து வருகையில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைத் தாண்டியதும் சுங்கை பத்து அகழாய்வுத் தளம் வருகிறது. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் இங்கே தோண்டி, இரும்பு உருக்கிய உலைகளையும் களிமண் துருத்திக் குழாய்களையும் செங்கல் படித்துறைகளையும் வெளிக்கொணர்ந்தார்கள். படித்துறை எதற்கு, ஆறே இல்லையே என்று தோன்றும். அந்தக் காலத்தில் மெர்போக் கழிமுகம் இன்னும் அகலமாக உள்ளே வந்திருந்தது, பிறகு வண்டல் படிந்து மூடியது. செம்பனைக்கு நடுவே செங்கல் துறையைப் பார்க்கும்போது அந்த நிலமாற்றம் சட்டென்று புரியும். காரில் எண்பதில் போகிறவர் இந்தத் தளத்தைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார். இங்கே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இதையும் திரும்பும்போது பார்ப்பதே நல்லது, காலையில் வெளிச்சம் போதாது. இந்த சுங்கை பத்து வட்டாரத்தில்தான் 2013இல் பதினோராம் எண் சண்டி, அதாவது பழங்காலக் கோயிலின் எச்சம், வீடமைப்புக்காக இடிக்கப்பட்டது. தளங்களைத் தேடிப் போகிறவர் எண்ணிக்கை கூடினால்தான் அடுத்த இடத்துக்கு இயந்திரம் வரும்போது கேட்க நாலு பேர் இருப்பார்கள்.

செமிலிங் தாண்டியதும் இடப்பக்கம் மெர்போக் ஆற்றின் அலையாத்திக் காடு. சாலையிலிருந்து முழுதாகத் தெரியாது. படகுத்துறைப் பக்கம் இறங்கினால் வேர்களும் சேறும் நன்றாகத் தெரியும். கொசு அதிகம், நின்ற இடத்தில் நிற்க விடாது.

மெர்போக் பட்டணத்திலிருந்து அருங்காட்சியகம் வரை மேட்டுச் சாலை. தூரம் குறைவுதான், ஆனால் கடைசிப் பகுதி செங்குத்து. சிறிய கியருக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். ஏற்றத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழலும். இறங்கும்போது மர நிழலில் ஈர இலை கிடக்கும், வேகம் வேண்டாம்.

உள்ளே நேராகப் புக்கிட் பத்து பகாட் சண்டிக்குப் போங்கள். 1936, 37இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்களான குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் இந்தப் பள்ளத்தாக்கில் ஆய்வு செய்து எண்ணிட்ட தளங்களில் இது எட்டாவது. 1960 வாக்கில் அலஸ்டேர் லாம்ப் தலைமையில் கற்களை மீண்டும் அடுக்கி நிறுத்தினார்கள். கருவறை மேடையும் அதன் முன் மண்டபமும் சேர்ந்த அமைப்பு, நம் கோயில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடனே பிடிபடும். மண்டபத் தரையில் குனிந்து பாருங்கள். தூண்களின் அடிக்கற்கள் வரிசையாக இருக்கின்றன, தூண்கள் இல்லை. மேலே நின்றது மரமும் கூரையும், அவை மக்கிப்போயின. பக்கத்தில் ஓடை சலசலக்கும். அந்த இடத்தைக் கோயிலுக்கு ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய சண்டிகளும் வளாகத்தில் உண்டு. பெங்காலான் பூஜாங்கிலிருந்து வந்தது செங்கல். பத்து பகாட் கருங்கல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ராஜேந்திர சோழன் 1025இல் படை அனுப்பியதைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது, எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்பே, ராஜராஜன் காலத்தில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்ப, அதற்கு ஆனைமங்கலம் ஊரைச் சோழன் தானம் கொடுத்தான். பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்கள் படையெடுப்பை மட்டும் சொல்லாமல் இந்தக் கொடுக்கல் வாங்கலையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மெர்போக்கிலிருந்து தஞ்சோங் டாவாய்க்கு ஒரு கிளைச் சாலை போகிறது. நெத்திலி, கருவாடு, பெலாச்சான் வாங்குகிறவர்களுக்கு நல்ல இடம். ஆனால் அறுபது கிலோமீட்டரோடு இதையும் சேர்க்காதீர்கள், வேறொரு நாள் வாருங்கள்.

சிங்கிரிலிருந்து யான் வரை தட்டையான சாலை. கடல் பக்கம் புலாவ் பூந்திங் தெரியும், பாலம் போட்டுக் கரையோடு சேர்த்திருக்கிறார்கள். இன்னும் தள்ளி பிடான், சோங்சோங், தெலோர் தீவுகள். யானுக்கு அருகே நெல் வயல் தொடங்குகிறது, மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் தென்கோடி. ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இந்தச் சாலைக்கு ஏற்ற காலம். கெடாவில் மழை மிகக் குறைவு, நெல்லும் முற்றி நிற்கும். அக்டோபர், நவம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். பன்னிரண்டு மணிக்குள் பீடோங் திரும்பிவிட வேண்டும்.

யானில் அருவிகள் இருக்கின்றன. தித்தி ஹாயூன், ஸ்ரீ பெரிகி இரண்டும் பேர்பெற்றவை. மெர்போக் பக்கம் தூப்பா. வியர்த்த உடம்போடு குளிக்க யாருக்கும் ஆசை வரும். 2021 ஆகஸ்டு 18 அன்று ஜெராய் மலையிலிருந்து பெருவெள்ளம் மரமும் பாறையுமாக இறங்கி யான், மெர்போக் இரண்டு ஊர்களையும் தாக்கியதையும் உயிர்கள் போனதையும் மறக்க வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம், உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். மலை உச்சி மேகத்தில் மறைந்திருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். இறங்கிய பின் தண்ணீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, சைக்கிளை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

கட்டுரை ஜெராய் மலை உச்சிக்கும் ஏறலாம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டது. அந்த ஒரு வரி எங்களைக் கவலைப்படுத்தியது. குரூண் பக்கமிருந்து ஏறும் அந்தச் சாலை சுமார் 12 கிலோமீட்டரில் 900 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 32 அல்லது 34 பல் இல்லாமல் முயல வேண்டாம். ஏற்றத்தை விட இறக்கம்தான் கடினம். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கை விடாமல் இழுத்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும், கார்பன் ரிம் என்றால் விளிம்பே இளகும். டிஸ்க் பிரேக்கும் கொதித்துப் பிடி தளரும். வளைவுக்கு முன்பு பலமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, நேரான இடத்தில் முழுக்க விட்டுவிட வேண்டும். பாதி வழியில் நின்று ஆறவிட வேண்டும். வேன்கள் எதிரே வரும், சாலை ஒடுக்கம், குரங்குகளும் குறுக்கே ஓடும். இதைத் தனி நாளில், பழகியவர் துணையோடு செய்யுங்கள்.

தண்ணீர் ஒருவருக்கு 750 மில்லிலிட்டர் புட்டி இரண்டு. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும், தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு புட்டியில் ஒரு சிட்டிகை உப்பும் எலுமிச்சையும் சீனியும் போதும். விளம்பரத் தூள் எதுவும் வேண்டாம். மெர்போக்கிலும் யானிலும் ஒட்டுக்கடைகள் உண்டு. கம்பத்து (கிராமத்து) நாய்கள் துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்பப் பார்க்காமல், இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சாலைக்குப் பொறுப்பான துறையினரும் அருங்காட்சியக நிர்வாகத்தினரும் தங்கள் பத்திரிகையைப் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையில் சிலவற்றைக் கேட்கிறோம். தோட்டத்துச் சாலை வெளியே வரும் முனையில் உள்பக்கமாக 20 மீட்டருக்குத் தார் அல்லது ஜல்லி போட்டால், மண் அங்கேயே உதிர்ந்துவிடும். அதைத் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பாக்கலாம். சாலை நீளவாக்கில் கம்பி ஓடும் வடிகால் மூடிகளைக் குறுக்குவாக்கில் திருப்பிப் போட வேண்டும். இப்போது 28 மில்லிமீட்டர் டயர் அந்தச் சந்தில் நேராக இறங்குகிறது. செமிலிங் சந்திப்பிலும் மெர்போக் சந்திப்பிலும் தளங்களுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிய பலகை வேண்டும்.

அருங்காட்சியகத்தில் சைக்கிளைப் பூட்ட இடமில்லாததால் ஒருவர் வெளியே காவல் நிற்க, மற்றவர் உள்ளே போகிறார். அங்கே தலைகீழ் 'ப' வடிவில் வளைத்த ஐந்து இரும்புக் குழாய்களைத் தரையில் ஒரு மீட்டர் இடைவெளியில் பதித்தால் பத்து சைக்கிள் நிற்கும். முன்சக்கரத்தை மட்டும் செருகி நிறுத்தும் வகை வேண்டாம், அது ரிம்மையும் பிரேக் தட்டையும் கோணலாக்கும். காவலர் கண்ணில் படுகிற இடத்தில், கூரைக்குக் கீழே, பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயோடு வைத்தால் போதும்.

இப்படிக்கு,
பீடோங் வட்டாரச் சைக்கிளோட்டிகள் சிலர்,
பீடோங், கெடா.